தொட்டிலிலிருந்து விழுந்த பிள்ளை

கல்யாணம் பேசி முடிப்பதில் எனக்குக் கைராசி என்பார்கள், சார். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே கிள்ளானில் ஏழு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறேன். லோரி ஓட்டும் முகுந்தனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தாமரையை மலேசியாவுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். "பையன் தங்கம், கை நீட்ட மாட்டான்" என்று அவள் அப்பாவிடம் போனில் அடித்துச் சொன்னேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், பத்து மாதப் பிள்ளை விமலனைத் தூக்கிக்கொண்டு எங்கள் அவசரப் பிரிவுக்குத் தாமரை ஓடிவந்தாள். பிள்ளைக்கு வாந்தி, கண் சொருகியிருந்தது. அவளுக்கு மலாய் தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று என்னைக் கேட்கச் சொன்னார் டாக்டர்.

தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுகைய நிறுத்தலன்னு அவரு புள்ளையப் புடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கிட்டாருக்கா. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். தொட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாம் என்று மலாயில் சொன்னேன்.

ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. இப்படி வந்தால் கண்ணுக்குள் பார்க்க வேண்டும், உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அந்த வீடு எனக்குத் தெரியும், ஸ்பிரிங் தொட்டில், கொக்கி துருப்பிடித்தது, கீழே சிமெண்ட் தரை என்று வாய் கூசாமல் அடுக்கினேன். வேலைக்குப் புதுசு, பாவம், என்னை நம்பிப் போனை வைத்துவிட்டார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஏதோ கோபத்தில் ஒரு தடவை நடந்தது, நான் கண்டித்தால் முகுந்தன் அடங்கிவிடுவான் என்று நினைத்தேன். கண்டிக்கவும் செய்தேன். "இனிமே இல்லக்கா, சத்தியமா லா" என்றான். யார் கேட்டாலும் தொட்டில் என்றே சொல் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் பேரும் இருக்கிறதே, சார். ரவாங்கில் எட்டாவது ஜோடிக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

நான்கு நாளில் விமலனை வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் திரும்ப வந்தான். மூச்சு இல்லை. நான்தான் வெள்ளைத் துணி போர்த்தினேன். பாவி, இந்தக் கையால்தான்.

இந்த முறை தமிழ் தெரிந்த போலீசார் நீங்கள் வந்து விசாரித்தீர்கள். தாமரை அன்றைக்கு என்னிடம் சொன்னதையேதான் சொன்னாள். ஆனால் ஃபைலில் அவள் சொன்னதாகத் தொட்டில் என்று இருக்கிறது, முகுந்தனும் தொட்டில் என்கிறான். பேச்சை மாற்றுகிற பெற்றோரைக் கவனி என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, அவளைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவள் பேச்சை மாற்றவே இல்லை, சார். மாற்றியது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மாற்றுத்துணி கொடுக்க லாக்கப்புக்குப் போனேன். பால் கட்டி அவள் சட்டை நனைந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் சொன்னத டாக்டர்கிட்ட அப்படியேதானக்கா சொன்னீங்க?"

"ஆமாம்மா" என்றேன். ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள், அவள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான்.