கடைசியா என்ன சொன்னாவ?

இல்ல தம்பி, அழுகையெல்லாம் வராது, நீங்க கேளுங்க. அந்த ரெக்கார்டர மட்டும் ஜன்னல விட்டுத் தள்ளி இங்கன வைங்க, சாரல் அடிக்குதுல்லா. குத்தாலத்துல இந்த மாசம் வீட்டுக்குள்ளயும் நனையத்தான் செய்யும்.

நர்ஸுமாருக்கு என்ன துக்கம்னு பேப்பர்ல எழுதணும், அதான? செத்தவங்களப் பாத்தது துக்கம் இல்ல தம்பி. அது பழகிப்போச்சு, இருவது வருஷ சர்வீஸு. கொரோனா சமயம் தென்காசியில எங்க வார்டுக்குள்ள சொந்தக்காரங்க ஒருத்தரையும் விடல. ஆளு போயிட்டா போன்ல நாங்கதான் சொல்லணும். மொதல்ல ஒரு கத்து கத்துவாவ. பொறவு எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாவ. கடைசியா என்ன சொன்னாவ?

என்னத்தச் சொல்ல? வாயில மாஸ்க்கு, இழுக்க மூச்சில்ல. பாதி பேரு போனத நாங்களே பாக்கல, அடுத்த பெட்ல நின்னுக்கிட்டிருப்போம். அதச் சொல்ல முடியுமா? உங்க பேரத்தான் சொன்னாவ, கஷ்டப்படாமப் போயிட்டாவன்னு சொல்லிருவோம். யாரும் சொல்லிக்குடுக்கல. எல்லா நர்ஸும் அதத்தான் சொன்னோம்.

ஆமா, பொய்தான். கோவமெல்லாம் இல்ல. அந்த போன எடுத்திருந்தா நீங்களும் அதத்தான் சொல்லிருப்பீய.

கடையத்துல ஷரீபுன்னிசான்னு ஒரு அம்மா, வீட்டுக்காரரு எங்க வார்டுலதான் போனாரு. போன வாரங்கூட தேடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. அவரு எம்பேரச் சொன்னாருன்னீயளே, அத நெனச்சுத்தான் நடமாடுதேங்காவ. அவரு போகும்போது நான் அந்தப் பிளாஸ்டிக் டிரஸ்ஸ மாத்தப் போயிருந்தேன் தம்பி. அவரு மொகங்கூட ஞாபகம் இல்ல. அந்தம்மா பேர மட்டும் போட்டுறாதீய. படிச்சாவன்னா தாங்கமாட்டாவ.

அந்தா போட்டோல, போலீஸ் டிரஸ்லயா? எங்க வீட்டுக்காரரு. அவருக்கும் அதே கொரோனாதான். வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். எங்க வார்டுல பெட் இல்லன்னு திருநெல்வேலிக்குக் கொண்டு போனாவ. நாலாம் நாளு அங்கன இருந்து ஒரு நர்ஸுப் பிள்ள கூப்பிட்டா. நர்ஸா இருந்து என்ன செய்ய, நானும் அதத்தான கேட்டேன்.

ஆனந்தவள்ளி, ஆனந்தவள்ளின்னு உங்க பேரத்தாங்க்கா சொன்னாருன்னா.

ரொம்ப நன்றிம்மான்னு சொல்லி வச்சுட்டேன். கல்யாணமாகி இருவத்திரெண்டு வருஷத்துல அவரு ஒரு நாளும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. ஏட்டி, இங்கன வான்னுதான் கூப்பிடுவாரு.