இறங்கியாச்சு

புல்லுக்கும் மூச்சு முட்டும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஐயா. நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். கிரீன் என்போம். எங்கள் மைதானத்தின் ஏழாவது கிரீன் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டில் விழுகிற மழையெல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். ஆட வருகிறவர்கள் அதற்குத் 'தவளைப் பண்ணை' என்று பேர் வைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒரு தடவை, சேர்ந்த பின் ஒரு தடவை, அந்தப் புல் முழுதாக அழுகிச் செத்தது. இன்னொரு தடவை செத்தால் அதை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டிவிடுவோம் என்று கிளப் செயலாளர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மூன்றாவது புல்லை நான் போட்டேன். மண்ணை மார்பளவு தோண்டி எடுத்து, அடியில் ஓட்டைக் குழாய், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சலித்த மணல். குழாய்த் தண்ணீர் பக்கத்தில் ஒரு தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து பெரிய குழாய் ஒன்று ரோட்டோரக் குளத்துக்குப் போகும். குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு குழி. சேம்பர் என்போம். அதில் இலைதழையைத் தடுக்க ஒரு கம்பி வலை.

மேலே தொட்டி வால்வில் நான் நிற்பேன். கீழே குளத்தருகில் என் மாப்பிள்ளை, தங்கையின் வீட்டுக்காரன். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்ததே நான்தான். நல்ல பையன், வாய்த்துடுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே மச்சான் என்னை இந்தப் புல்லைப் பாக்கத்தான் கூட்டிட்டு வந்தாரு, பொண்ணை அப்புறம்தான் காட்டினாரு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அது உண்மைதான்.

மழைக்காலத்தில் குளம் நிரம்பியிருக்கும்போது வால்வைத் திறந்தால் ரோடு முங்கிவிடும். அதனால் குளத்தில் தண்ணீர் இறங்கியதும் அவன் வாக்கி-டாக்கிக் கைக்கருவியில் "இறங்கியாச்சு" என்பான். நான் திறப்பேன். வெயில் காலத்தில் சேம்பருக்குள் இறங்கி வலையைக் கழுவுவான். அப்போதும் "இறங்கியாச்சு" என்பான். வெளியே வந்ததும் "ஏறியாச்சு" என்பான். தண்ணீரா ஆளா என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. மழைக்காலத்தில் யாரும் சேம்பருக்குள் இறங்குவதில்லை.

போன தடவை விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் இதைத்தான் சொன்னேன். தண்ணீர் இறங்கியது என்று நினைத்துத் திறந்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இப்போது சேம்பர் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். 'ஆள் இறங்கியது, தண்ணீர் இறங்கியது என்று முழுதாகச் சொல்லவும்' என்று அதில் எழுதியிருக்கிறது.

அந்தப் பலகைதான் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. போன வாரம் என் தங்கை அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "உன் மேல தப்பில்லண்ணா. அவரு எப்பவும் அரைகுறையாத்தான் பேசுவாரு. வீட்டுலயும் அப்படித்தான். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள். செத்தவன் மேல் அவளுக்குக் கோபம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நடத்துநர் "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்டால்கூட இப்போது என் கண் கைக்கடிகாரத்துக்குப் போகிறது. பேசத் தெரியாமல் செத்தான் என்ற கெட்ட பேர் அவனுக்கு வேண்டாம், ஐயா. அவன் சரியாகத்தான் பேசினான்.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிரீனில் தண்ணீர் ஏறியது. அந்தப் புல் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் வேர் வெந்துவிடும். மூன்றரைக்கு நான் கீழே போய்ப் பார்த்தேன். குளத்தில் தண்ணீர் நன்றாகவே வடிந்திருந்தது. வலையைத்தான் தழை அடைத்திருந்தது. வால்வைத் திறந்தாலும் புண்ணியமில்லை.

"மழை நேரத்துல உள்ள இறங்கறதா?" என்றான் மாப்பிள்ளை.

"அஞ்சு நிமிஷ வேலைதான். வலையை மட்டும் எடுத்துவிட்டுட்டு ஏறிடு" என்றேன்.

"நீங்க மேல இருக்கீங்கல்ல, அப்புறம் எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினான். நான் மேலே நடந்தேன். ஆகவே, ஐயா, "இறங்கியாச்சு" என்று அவன் சொன்னபோது எது இறங்கியது என்று எனக்குத் தெரியும். இறங்கச் சொன்னவனே நான்.

மணி மூன்று ஐம்பது. "ஏறியாச்சு" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். ஆறு நிமிடம் காத்திருந்தேன், கொஞ்ச நேரமில்லை. கிரீனின் ஓரத்தில் புல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வலை சுத்தமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் அந்தக் குழாயைக் கடந்து சேம்பருக்குப் போக இரண்டு நிமிடம் ஆகும். சேம்பரில் எட்டுப் படி. வாலிபப் பையன், சத்தம் கேட்டால் ஏறிவிடுவான். இதில் நியாயமில்லாதது எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. வால்வைத் திறந்தேன்.

இனிமேல் சொல்வது யாருக்கும் தெரியாது. அந்தக் கைக்கருவியில் பேசுவது எங்கும் பதிவாவதில்லை. திறந்து மூன்று நிமிடம் ஆனதும் அவன் குரல் வந்தது.

"மச்சான், தண்ணி வருது. கால் வலையில மாட்டிக்கிச்சு. மூடுங்க."

முழுதாகச் சொன்னான். பலகையில் எழுதியிருப்பதைவிடத் தெளிவாகச் சொன்னான். இதை என் தங்கையிடம் யாராவது சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

என் கை சக்கரத்தின் மேலேயேதான் இருந்தது. கிரீனைப் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கி, ஒரு பக்கம் புல் நுனி தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தத் தரை முழுதாக வடியப் பதினான்கு நிமிடம் ஆகும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். பாதியில் மூடினால் அடைபட்ட காற்று குழாயில் நின்றுவிடும், மறுபடி இழுக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"பதினோரு நிமிஷம் பொறுத்துக்கோ மாப்பிள்ளை. மூடிடுறேன்" என்றேன்.

"சீக்கிரம் மச்சான்" என்றான். அப்புறம் பேசவில்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு நிமிடம் ஆனதும் மூடிவிட்டேன், ஐயா. ஒரு நொடிகூடத் தாண்டவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.