மஞ்சள் காரின் டிக்கி

உங்கள் மேஜையின் ஒரு கால் குட்டை. கவனித்தீர்களா? நீங்கள் எழுதும்போதெல்லாம் டொக் டொக்கென்று ஆடுகிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். இந்த மாதிரி சின்ன ஆட்டங்களைப் பார்த்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. நான் உட்காரவில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

இருபத்தாறு வருடமாகக் கார் பூட்டு வேலை எனக்கு. கதவோ டிக்கியோ, லாக் சம்பந்தப்பட்டதென்றால் என் பட்டறைக்குத்தான் வரும். கூட இருந்தவன் என் மனைவியின் தம்பி. கெட்டிக்காரன், கை சுத்தம், வாய் சுத்தம். அவனைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்ல மாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் பல் டாக்டரம்மாவுடையது. இரண்டே சீட். டிக்கி என்பது பேருக்குத்தான். ஆள் படுத்தால் முழங்கால் மோவாயைத் தொடும். மூடினால் திறக்கவில்லை என்று போன மாதம் கொண்டுவந்தார். மச்சினன் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தான். நான் ஒருவனே சரிசெய்து கொடுத்தேன். பத்தே நாளில் அம்மா திரும்பி வந்து நின்றார்.

“எப்பேர்ப்பட்ட பல்லையும் பிடுங்கிடறேன், இந்த டிக்கியைத்தான் திறக்க முடியலை,” என்று சிரித்தார். போகும்போது என்னைத் தாண்டி மச்சினனைப் பார்த்தார். “இந்தத் தடவை நீங்களே பாருங்க தம்பி.”

எனக்குக் கோபம் வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் நாலும் பேசுவார்கள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குக் கிளம்பியவன், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். காலையில் நான் வேலை முடித்து மூடிய வேறொரு வண்டியின் கதவைப் பிரித்துப் போட்டிருந்தான் மச்சினன். நான் மாட்டிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தன் கையால் மாட்டிக்கொண்டிருந்தான். சீட்டியடித்துக்கொண்டே செய்தான். புதிதாகச் செய்கிற தப்புக்கு யாரும் சீட்டியடிக்க மாட்டார்கள். பழகிப்போன வேலைக்குத்தான் அது வரும்.

சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ரெண்டு வருஷமா அப்படித்தாங்க நடக்குது. உங்க கை நடுங்குது. உங்களுக்கே தெரியலை. நான்தான் அவன்கிட்ட சொன்னேன், மாமா மனசு நோகாமப் பார்த்துக்கடான்னு.”

என் கை நடுங்குவதில்லை. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம். குழந்தை சொப்பு வைத்துச் சமைக்க, பெரியவர்கள் சாப்பிடுகிற மாதிரி வாயை அசைப்பார்களே, அப்படி என்னை வைத்திருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். வீட்டுக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கி வேலை முடிந்தால் ஒருவன் உள்ளே படுப்பான், இன்னொருவன் மூடுவான். உள்ளே இருப்பவன் அவசரக் கைப்பிடியை இழுத்துத் திறந்துகொண்டு வர வேண்டும். வந்தால்தான் வண்டி வெளியே போகும். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேஜையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை மஞ்சள் காரை நானே முடித்தேன். பிறகு கைகழுவப் போகிற மாதிரிப் போய், மச்சினனுக்கு நேரம் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே பிரித்து, மாற்றி, மூடினான். அவன் டீக்குப் போனதும் அவன் மாற்றியதை நான் மாற்றினேன். உள்கைப்பிடியின் கம்பியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் வேண்டுமென்று வண்டியை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“முட்டி மடங்கலை மாப்ள. நீ படு.”

“என்ன மாமா, டாக்டரம்மாகிட்ட ஒரு பல்லைக் கொடுத்தா முட்டியைச் சரிபண்ணித் தரமாட்டாங்களா?” என்று கேலி பேசிக்கொண்டே ஏறிப் படுத்தான். பயமே இல்லை. தான் போட்ட லாக் என்ற தைரியம்.

மூடினேன். ஒரே சத்தம், கச்சிதமாக விழுந்தது.

“மாமா, கைப்பிடி சும்மா ஆடுது. வெளியிலேர்ந்து திறங்க.”

“லாக் எப்படி இருக்கு மாப்ள?”

“கெட்டியா இருக்கு. உங்க வேலையாச்சே.”

“நீ இதுல கை வைக்கலையே?”

உள்ளே கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. “நான் எதுக்கு மாமா கை வைக்கப்போறேன்.”

உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே திறந்திருப்பேன். நம்பர் பிளேட் விளக்கைக் கழற்றினால் ஒரு துளை இருக்கிறது. அதில் என் கொக்கிக் கம்பியை விட்டால் இரண்டு நிமிட வேலை. கொக்கி கையில்தான் இருந்தது.

கால் மணி கழித்துச் சொன்னான். குரல் வற்றிப்போயிருந்தது. “நான்தான் மாமா. ரெண்டு வருஷமா எல்லாத்தையும் நான்தான் மாத்துறேன். அக்காவுக்காகத்தான். தப்புதான். திறந்துடுங்க மாமா.”

உண்மையைச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு எப்படித் திறப்பது? வெளியே வந்து என் முகத்தைப் பார்ப்பானே.

தட்டும் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று காற்றடிக்கிற கம்ப்ரஸரை ஓட விட்டேன். வீட்டுக்குப் போனேன். “அவன் எங்கே?” என்றாள் மனைவி. சாமான் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன். அவன் தட்டை மூடி வைத்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை சிந்தவில்லை.

திரும்பி வந்து கம்ப்ரஸரை நிறுத்தினேன். தட்டும் சத்தம் இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து துடைத்தேன்.

டாக்டரம்மா ஐந்து மணிக்கு வந்தார். “தம்பி எங்கே?” என்றார். உள்ளேதான் இருக்கிறான் என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

“திரும்பவும் மாட்டிக்கிச்சா?”

“இல்லம்மா. இந்தத் தடவைதான் சரியா இருக்கு.”

அப்போதுதான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

மீதி உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் மூன்று பேர் கடப்பாரை போட்டு இருபது நிமிடம் நெம்பினார்கள். கீல் பெயர்ந்தது, தகடு கிழிந்தது, லாக் அசையவில்லை. என் கையால் போட்ட லாக். ஆமாம், கம்பியை எடுத்ததும் நான்தான், மூடியதும் நான்தான், அவன் கூப்பிடக் கூப்பிடக் கேட்டுக்கொண்டு நின்றதும் நான்தான். அதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். லாக்கில் பழுதில்லை என்பதை மட்டும் தனி வரியாக எழுதுங்கள். என் மனைவி படிக்க வேண்டும்.

எங்கே கையெழுத்து? இங்கேயா?

ஒரு நிமிடம். பேனா கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. நீங்கள் அட்டையை ஒழுங்காக மடித்து வைக்கவில்லை, ஐயா. உங்கள் மேஜை இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.