இரவல் ஆள்

— சன்னலைச் சாத்தாதீங்கக்கா.

— தூசி வருது தம்பி. பல் செட்டுக்குப் பாலிஷ் போடற நேரம். இதுல மண்ணு ஒட்டுச்சுன்னா அந்தப் பெரியவர் நாளைக்குப் பேத்தி கல்யாணத்துல சிரிக்கவா, துப்பவா?

— பாதியாவது தொறந்து வைங்க. சத்தம் கேக்கணும்.

— மைதானம் நாலு தெரு தள்ளி. மொத்த ஊரும் அங்க இருக்கு. லெஃப்ட் பேக்னு இடப் பக்கம் காவல் நிக்கற மகராசன் நீ மட்டும் என் அடுப்படியில உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டிருக்கே. டிவியைப் போடேன்.

— வேணாம். பார்த்தா கால் தானா உதைக்கும். இதே டீமோட முதல் தடவை ஆடினப்போ டிவி பார்த்தேன். உங்க ஸ்டூல் என்னாச்சு?

— ஆமாமா, மூணு கால் ஸ்டூலாச்சு. இப்போ வெளியில செடி வச்சிருக்கேன். அது சரி, ஸ்டூலை உதைக்கிற காலை அங்க போய் உதைக்க விட மாட்டேங்கறாங்களே, அதான் எனக்கு இன்னும் செரிக்கலை. நீ யாரையும் அடிக்கலை. நடுவர்கிட்ட வாய் காட்டலை. காலும் கல்லு மாதிரி இருக்கு.

— எத்தனை தடவைக்கா சொல்றது? அதாவது, எதிர்ல ஆடறதுதான் என் சொந்தக் கிளப். அவங்கதான் என்னை ஒரு சீசனுக்கு இங்க இரவல் கொடுத்திருக்காங்க. கொடுத்தவங்களுக்கு எதிரா நான் இறங்கக் கூடாது. ஒப்பந்தத்துலயே இருக்கு.

— பொறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் சண்டை வந்தா பொண்ணை உள்ள போட்டுப் பூட்டற கதை.

— அதேதான். இந்த வாரம் பூரா பூட்டித்தான் வச்சாங்க. கோச் போர்டுல படம் போட ஆரம்பிச்சார். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடிட்டார். "நீ கொஞ்சம் வெளிய இரு தம்பி"ன்னார்.

— ஏன், நீ ஓடிப்போய் அங்க சொல்லிடுவியா?

— சொல்ல மாட்டேன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும். அதனால நான் மட்டும் தனியா மைதானத்தைச் சுத்தி ஓடினேன். நாலு நாளும். நேத்து அந்தப் பக்கத்துலேர்ந்து பழைய சிநேகிதன் போன் பண்ணான். எட்டு மாசத்துல முதல் தடவை. சந்தோஷமா எடுத்தேன். "உங்க கோல்கீப்பர் எந்தப் பக்கம் குதிப்பான்?"னு கேக்கறான்.

— நீ என்ன சொன்னே?

— மேல் பக்கம்னு சொல்லி வச்சுட்டேன்.

— பரவாயில்லை, வாய் இருக்கு உனக்கு. எனக்குப் பாரு, நாள் பூரா ஊரார் வாயையெல்லாம் கையில வச்சிருக்கேன், பேசறதுக்கு ஒரு வாய் கிடையாது. நீ வந்த பிறகுதான் ஏதோ... அந்த அரத்தை எடு. சின்னது.

— இந்தாங்க. ஆரம்பிச்சாச்சு, கேக்குதா? விசில்.

— எனக்கு ஒண்ணும் கேக்கலை. நான் மோட்டரைப் போடறேன்.

— அக்கா! மோட்டரைப் போட்டா எனக்கு எப்படிக் கேக்கும்? ஒரு நாள்க்கா. கடைசி மேட்ச். ஜெயிச்சா மேல் லீக்ல இருப்போம். டிரா ஆனாக்கூட கீழ போயிடுவோம்.

— இருப்போம், போவோம். இரவல் ஆளுக்கு இந்த "வோம்" எதுக்கு? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம் ஒருத்தி.

— நான் இங்க சேலை இல்லையேக்கா, ஆளு. அதாவது, கோச் சொல்லியிருக்கார். மேல இருந்தா என்னை வாங்கிக்கறோம்னார். மூணு வருஷத்துக்கு. நான் இந்த ஊர்க்காரனாயிடுவேன்.

— எழுதிக் கொடுத்தாரா?

— வாயால சொன்னார்.

— அந்த வாயில இருக்கறது நான் கட்டின பல்லு இல்லையே, நம்பறதுக்கு.

— விளையாடாதீங்க. எனக்கு இது... அஞ்சு வருஷத்துல ஆறு ஊர்க்கா. என் கூடப் பொறந்த அக்கா போன் பண்ணா "சாப்பிட்டியா"ன்னு கேக்க மாட்டா, "இப்போ எந்த ஊரு"ன்னுதான் ஆரம்பிப்பா. டீம் போட்டோ எடுக்கறப்ப என்னை எங்க நிக்க வைப்பாங்க தெரியுமா?

— எங்க?

— ஓரத்துல. சீசன் முடிஞ்சதும் கத்தரிக்க வசதியா. ஆறு போட்டோவுலயும் ஓரம். ஒண்ணுல என் கை மட்டும் பாக்கி இருக்கு, பக்கத்துல நின்னவன் மேல கை போட்டதால.

— சீ, அப்படியா பண்ணுவாங்க?

— யாரோட கைன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. இந்த ஊர்லதான்க்கா, போன மாசம், முடி வெட்டப் போனேன். அந்தக் கடைக்காரர் துணியைப் போர்த்திட்டு, "வழக்கம் போலத்தானே?"ன்னு கேட்டார்.

— அதுக்கு?

— அதுக்கு ஒண்ணுமில்லை. எனக்கு வழக்கம்னு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. தலையாட்டக் கூட முடியலை. கத்தரி காதுகிட்ட இருந்துச்சு.

— ... டீ போடட்டா?

— ஷ்ஷ். இருங்க. இருங்க... வந்துடுச்சு! கேட்டீங்களா? கோல்! நம்ம கோல்! சன்னல் கம்பியே அதிருது பாருங்க!

— ஐயோ.

— என்னக்கா?

— முன் பல்லு தெறிச்சுடுச்சு. அரம் வழுக்கி.

— இதுக்குப் போய் முகத்தை இப்படி வச்சுக்கறீங்க? நான் தேடித் தரேன். எங்க விழுந்துச்சு, அடுப்புக்குக் கீழயா? ஒண்ணு-பூஜ்யம்க்கா! இப்படியே முடிஞ்சா போதும். இந்தாங்க உங்க பல்லு. மெழுகு வச்சு ஒட்டிடுவீங்கல்ல?

— ஒட்டலாம். ஒட்டினது ஒட்டினதுதான்.

— என்னமோ செத்த வீட்டுல பேசற மாதிரி பேசறீங்க. உங்களுக்கு இந்த ஊர் டீம் மேல பாசமே கிடையாது.

— எனக்கு எந்த டீம் மேலயும் கிடையாது. எனக்கு ஆட்டமே தெரியாது. கிளப் என் மேல் ரூமுக்குத் தங்க அனுப்பற ஆட்களைத்தான் தெரியும். முதல்ல ஒரு கோல்கீப்பர் வந்தான். தூக்கத்துல கட்டில்லேர்ந்து பாய்வான். திருடன்னு நினைச்சுக் கரண்டியோட மேல ஓடியிருக்கேன். அப்புறம் ஒருத்தன், வாயே திறக்க மாட்டான், ஆனா பாத்திரம் கழுவி வச்சுட்டுத்தான் படுப்பான். அப்புறம் அந்த நெட்டையன். நிலைப்படியில இடிச்சுக்கிட்டு, நிலைப்படிகிட்ட மன்னிப்புக் கேப்பான்.

— அவங்கல்லாம் இப்போ எங்க?

— யாருக்குத் தெரியும்? போறப்ப எல்லாரும் "போன் பண்றேன்"னுதான் போறாங்க. பொய்யில்ல, அந்த நிமிஷத்துக்கு நிஜம்தான். நானும் "சரிப்பா, பண்ணு"ம்பேன். அப்புறம் ஒரு வாரம் அரிசி கூடப் போட்டுடுவேன், கை மறக்கறதில்லை.

— நான் பண்ணுவேன்க்கா. அதாவது, பண்ணவே வேண்டியதில்லை. இங்கதான் இருக்கப் போறேன்.

— இந்தா, டீயைக் குடி.

— சத்தமே இல்லை. இடைவேளை முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. ஜனம் ஏன் இப்படி அமைதியா இருக்கு? நகத்தைக் கடிச்சுக்கிட்டிருப்பாங்க.

— கடிக்கட்டும். பல்லு தேஞ்சா எனக்குத்தானே வேலை.

— இருங்க. அது என்ன? சின்னதா... ஒரு மூலையிலேர்ந்து மட்டும்...

— வெளியூர்க்காரங்க பக்கம் அது. வடக்கு மூலை.

— போட்டுட்டாங்க. போட்டுட்டாங்கக்கா. ஒண்ணு-ஒண்ணு. எந்தப் பக்கமா வந்திருப்பான்? இடப் பக்கமாத்தான் வந்திருப்பான். அது என் பக்கம். நான் நின்னிருந்தா அவனை...

— சரி சரி, விடு. இன்னொரு டீ? பிஸ்கட் வேணுமா? புதுப் பாக்கெட் இருக்கு.

— வேணாம்.

— சாப்பிடு தம்பி. கீழ போனா என்ன இப்போ? உலகம் முடிஞ்சிடுமா? அங்கயும் பந்து உருண்டையாத்தானே இருக்கும்? அங்கயும் ரெண்டு பக்கம் வலை கட்டித்தானே வச்சிருப்பாங்க? ராத்திரி உனக்குப் பிடிச்ச மாதிரி முட்டை பொரிக்கிறேன்.

— அக்கா, நீங்க பாடறீங்களா?

— நானா? இல்லையே.

— முணுமுணுன்னு ஏதோ பாடினீங்க. எனக்கு வயிறு எரியுது, உங்களுக்குப் பாட்டு வருது.

— வேலை செய்யறப்ப வரும். பழக்கம். மணி என்ன?

— முடியப் போகுது. இஞ்சுரி டைம் கொடுத்திருப்பாங்க. இன்னும் ரெண்டு மூணு நிமிஷம். அவ்வளவுதான். பெட்டியை எடுத்துத் துடைக்க வேண்டியதுதான். ஏழாவது ஊர்.

— உன்னை யார் போகச் சொன்னா?

— கீழ போன கிளப் என்னை எதுக்குக்கா வச்சுக்கும்?

— வச்சுக்கும். பாரேன். எனக்கென்னமோ தோணுது. நீ இங்கதான் இருப்பே. மூணு கால் ஸ்டூலுக்கு ஒரு கால் வச்சுக் கொடுப்பே. மழைக்கு முன்னாடி மேல் ரூம் கூரை ஓடெல்லாம் மாத்தலாம், நீ ஏறிப் பிடிச்சா...

— அக்கா.

— என்ன?

— அக்கா! கேக்குதா? இந்தச் சத்தம்... கோல்! கோல்க்கா! ரெண்டாவது! பாருங்க, தெருவுல நாய் குலைக்குது, எதிர் வீட்டுக் குழந்தை எந்திரிச்சு அழுது... விசிலும் அடிச்சாச்சு! முடிஞ்சது! ஜெயிச்சாச்சு! நாங்க மேலதான்! என் செருப்பு எங்க? நான் மைதானத்துக்கு ஓடறேன். இனிமே என்னை யாரும் வெளிய இருன்னு சொல்ல முடியாதுல்ல? கோச்சைக் கட்டிப் பிடிக்கப் போறேன். எங்கக்காவுக்குப் போன் பண்ணி, "இனிமே ஊரு கேக்காதே, சாப்பிட்டியான்னு கேளு"ன்னு சொல்லணும். நீங்களும் வாங்க, எந்திரிங்க!

— தம்பி.

— வாங்கக்கா! பல்லு எங்கயும் ஓடிடாது!

— செருப்பைப் போடாதே. இப்படி வந்து உக்காரு.

— ஏன்? ஏன் அழறீங்க? ஜெயிச்சிருக்கோம்க்கா!

— காலையில நீ ஓடப் போயிருந்தப்போ கிளப் ஆபீஸ்காரர் வந்தார். மேல இருந்தா கையில பணம் இருக்கும், வெளிநாட்டுலேர்ந்து பெரிய ஆளா ஒருத்தனைக் கொண்டு வரோம், ஒண்ணாம் தேதிக்கு ரூமைத் தயார் பண்ணி வைங்கன்னார்.

— எந்த... எந்த இடத்துக்கு ஆளு?

— இடப் பக்கத்துக்குத்தான்.

— கோச் சொன்னாரே...

— அவருக்கே நேத்துதான் சொன்னாங்களாம்.

— அப்போ, தோத்திருந்தா?

— பெரிய ஆள் வாங்க வழியிருக்காது, இந்தப் பையனே போதும், அவன் சொந்தக் கிளப்லயும் குறைஞ்ச விலைக்குக் கொடுத்துடுவாங்க, இங்கயே வச்சுக்குவோம்னார்.

— இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என் எதிர்ல உக்காந்திருந்தீங்க?

— ஆமாம்ப்பா. இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இன்னிக்கு உங்க டீம் தோக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்.