ஆறு கார்களுக்கு ஒரு ஆள்

கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், மடியில் புது பிரேக் கட்டையை வைத்துக்கொண்டு நண்பரிடம் சொன்னார்: “கம்பெனி செத்துப்போச்சு. என் வேலை இன்னும் முடியல.”

“பிரிக்பீல்ட்ஸ் பட்டறையைத்தான் பூட்டிட்டாங்களே, அண்ணே?”

“ஆமா. நம்மளும் சொந்தமா காரு செய்வோம்னு முதலாளி துணிஞ்சு ஆரம்பிச்சாரு. ஆறு காரு செஞ்சோம். கப்பல்ல வந்த காருங்க மலிவா இறங்குச்சு. நம்ம காரை யாரும் வாங்கல, ஏழாவது பாதியில நின்னுபோச்சு.”

“பெறகு எதுக்கு இப்பக் கிள்ளானுக்குப் போறீங்க?”

“அங்க ஒரு டாக்டரு, நம்ம காருலதான் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விடுறாரு. பிரேக் தேஞ்சுபோச்சாம். இந்தக் கட்டை கடையில கிடைக்காது, நானே செஞ்சேன்.”

“எத்தனை நாளைக்குண்ணே இப்படி?”

“ஆறும் ஓடுற வரைக்கும்.”

கிள்ளான் வந்ததும் முதல் ஆளாக இறங்கினார்.