காட்டாத்தா கேட்ட உத்தரவு

ராத்திரி பதினொன்னு இருக்குமுங்க. துடியலூர்ல இருந்து கெழக்கால சரவணம்பட்டிக்குப் போற வண்டித்தடம். பங்குனி மாசம். ரெண்டு பக்கமும் சோளக்காடு, அறுத்துப்போட்டு வெறும் தட்டைக் கட்டை நிக்குது. நல்ல நெலா வெளிச்சம். ஒத்த ஆளு சைக்கிள உருட்டிக்கிட்டே வாராரு. முன் சக்கரத்துல காத்து எறங்கிப் போச்சு... ரிம்மு தரையில தட்டற சத்தம் மட்டும். டொக்கு... டொக்கு...

தேவதாசு, அந்த அரிக்கேனைக் கொஞ்சம் எறக்குங்க. கரண்டு வந்தா மில்லு மேஸ்திரியே வந்து வெரட்டுவாரு, அப்பப் போய் மிசின ஓட்டிக்கலாம். கிட்ட வந்து உக்காருங்க எல்லாரும்.

அந்த ஆளு ஆருன்னா, நம்ம ரிங் பிரேம் மிசின்ல நூலு ஓட்டற பாலகோபால் இருக்காப்லயே, அவரோட பெரியப்பா. லட்சுமணசாமி நாயுடு. மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காரு, துடியலூர்ல சொந்தக்காரங்களுக்குப் பத்திரிக்கை குடுத்துப்போட்டுத் திரும்பறாரு. இன்னும் ஒரு மைலு போனா ஊடு. ஆனா நடுவால அந்த எடம் இருக்குது. அந்த எடத்துக்கு அவரு பயந்தாரு. பயப்படாம என்ன பண்ணுவாரு? செஞ்ச காரியம் அப்பிடி.

அங்க முன்னால ஒரு வனம் இருந்துச்சுங்க. காட்டாத்தா வனம்னு பேரு. சுத்துப்பட்டுல எல்லாத்தையும் வெட்டி வெள்ளாமைக் காடாக்கி, கெணறு வெட்டி, பருத்தி போட்டாச்சு. மிச்சம் நின்னது அது ஒண்ணுதான். உசிலை, வேம்பு, ஆச்சா, நடுவால அம்மன் கல்லு, அதுக்கு மேல கொடை புடிச்சாப்ல ஒரு ஆலமரம். அந்த ஆல் பூராவும் பழந்தின்னி வௌவாலு. முயலு, மயிலு, தேவாங்கு, நரின்னு போக்கத்த சீவனெல்லாம் அங்க வந்துதான் ஒதுங்குச்சு. ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது. வௌவாலு மெரளும்னு தீவாளிக்கு அந்த ஊருல ஒரு வெடி வெடிக்க மாட்டாங்க. கொழந்தைங்க கம்பி மத்தாப்போட சரி.

அதுக்கெல்லாம் காவலாட்ட நின்னது ஆரு? இதே லட்சுமணசாமிதானுங்க. இழுப்புக்கு மருந்துன்னு பழந்தின்னியச் சுட வந்த ஒரு பெரிய மனுசனோட துப்பாக்கியப் புடுங்கிக் கெணத்துல போட்டவரு. மொசலுக்கு வலை கட்டுனவனை ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சவரு. அவரு உசுரோட இருக்கற வரைக்கும் வனத்துல ஒரு எலை உதுராதுன்னு ஊரே நம்பியிருந்துச்சு. நம்பிக்கைதான் கழுத்த அறுக்கும்னு அன்னிக்குத் தெரியல.

நரசிம்மலுன்னு ஒருத்தரு, லட்சுமணசாமியோட சம்சாரத்துக்குக் கூடப் பொறந்தவரு. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு மில்லு வெச்சிருந்தாரு. அதைப் பெருசு பண்ண எடம் வேணும். வனத்து மேல கண்ணு. பொறம்போக்கு எடந்தானுங்க, ஊரு சம்மதிச்சாக் கெடைச்சுரும். நேரா வந்து கேட்டா லட்சுமணசாமி செருப்பத் தூக்குவாருன்னு அவருக்குத் தெரியும். அதனால பொண்ணு கேட்டு வந்தாரு.

"பாவா, நம்ம கோமளாவ எம் பையனுக்குக் குடுங்க. பங்களால ராணியாட்ட வெச்சுக்கறேன்"ன்னாரு. அவிங்க தெலுங்குக் குடும்பம், அக்கா புருசனப் பாவான்னுதான் கூப்புடுவாங்க. இவரு வாயெல்லாம் பல்லு. ஒத்த மக. காப்பி குடிச்சு டம்ளரக் கீழ வெக்கறப்பத்தான் நரசிம்மலு அடுத்த பேச்சை எடுத்தாரு. "மில்லுக்கு அந்த வனத்து எடம் கெடைச்சாத்தானுங்க பாவா கல்யாணம். இல்லீன்னா பையனுக்கு வேற எடம் பாக்கணும்."

அவ்வளவுதான். மொரட்டு மனுசன் அங்கயே ஒடிஞ்சு போனாரு. வெளிய வந்து ஊர்க்காரங்ககிட்ட, "நாம ஆரு கண்ணு முடிவு பண்றதுக்கு? அம்மனையே கேட்டுப்போடலாம்"ன்னாரு.

எப்பிடிக் கேக்கறதுன்னு உங்களுக்குத் தெரியாததா? கெடாய்க்கு மாலை போட்டு அம்மன் முன்னால நிறுத்தி, தலைமேல தண்ணி ஊத்தறது. அது மேலை, அதான் ஒடம்பைச் சிலுப்பி உதறுச்சுன்னா உத்தரவு ஆச்சு. சிலுப்பலைன்னா அம்மன் ஒத்துக்கல. அதுக்கு மேல அப்பீலு கெடையாது.

பூசாரி ஊத்துனாரு. கெடாய் கல்லாட்ட நிக்குது. மறுக்கா ஊத்துனாரு. காதுகூட ஆடல. சனமெல்லாம் கையெடுத்துக் கும்புட்டுது, வனம் பொழச்சுதுன்னு. அப்பத்தான் நரசிம்மலு, "எங்க பாவா கையால ஒருக்கா ஊத்தட்டுமுங்க. அவரை வுடவா இந்த வனத்து மேல பாசம் வெச்சவங்க இருக்காங்க?"ன்னாரு. ஞாயந்தானேன்னு எல்லாருக்கும் பட்டுது. லட்சுமணசாமி செம்பைத் தூக்குனாரு. துண்டு சுத்தின செம்பு. ஏன் துண்டு? வெளிய வேர்த்திருந்தது தெரியக் கூடாதுன்னு. உள்ள இருந்தது அத்தனையும் ஐஸ் தண்ணிங்க! கோயமுத்தூர் ஐஸ் பேக்டரியில கட்டியா வாங்கி, மரத்தூளுல பொதிஞ்சு கொண்டாந்து கரைச்சது.

கெடாய் உச்சந்தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க...

அம்மனே குடுத்துட்டா, மனுசன் என்ன பேசறது? அந்தக் கெடாயை அங்கயே வெட்டிக் கறி பங்கு போட்டாங்க. லட்சுமணசாமியும் பங்கு வாங்கிக்கிட்டாரு. மறு வாரம் ரம்பம் வந்துருச்சு. ஆலமரம் சாயறப்ப பழந்தின்னியெல்லாம் பட்டப்பகல்ல மானத்துல சுத்திச் சுத்தி, எறங்க எடமில்லாம, சோந்து தடத்துல வுழுந்து செத்துச்சு. தேவாங்குக எரிச்ச சுள்ளியோட போச்சு. மில்லுல வேலை கெடைக்கும்னு கேட்டதும் ஊரு அதையும் மறந்துபோட்டுது. நாமளும் மில்லுச் சோறுதானே திங்கறோம்... இந்த எடத்துல முன்னால என்ன நின்னுதுன்னு ஒருத்தராச்சும் கேட்டிருக்கமா?

சரி. அந்த ராத்திரிக்கு வாரேன்.

சைக்கிள உருட்டிக்கிட்டு அந்தப் பொட்டல் கிட்ட வந்தாரு. மரமில்ல, மட்டையில்ல, மில்லும் இன்னும் கட்டல. வேரைக்கூடத் தோண்டி வித்தாச்சு. ஆனா காலடியில சருகு மிதிபடுது. சரக்... சரக்... குனிஞ்சு பாக்கறாரு, வெறும் மண்ணு. அப்பறம் வாடை. வேப்பம்பூ வாடையும், வௌவாலு எச்சத்தோட புளிச்ச வாடையும் சேந்து மூக்குல ஏறுது. வெள்ளைச் சட்டையில எலை நெழலு ஆடுது. நெலா இருக்குது, ஆடற நெழலு இருக்குது, நடுவால இருக்க வேண்டிய மரந்தான் இல்ல.

அண்ணாந்து பாத்தாரு.

பழந்தின்னிக... நூறு நூறாத் தொங்குது. தலைகீழா, றெக்கையப் போத்திக்கிட்டு, வரிசை வரிசையா. கெளை கெடையாதுங்க. ஆலமரம் எந்த ஒசரத்துல இருந்துச்சோ அந்த ஒசரத்துல, வெறுங்காத்துல தொங்குது. கீச்சு கீச்சுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தது, இவரு பாத்ததும் கப்புன்னு நின்னுபோச்சு.

ஓடறதுக்குச் சைக்கிளக் கீழ போட்டாரு. பொறத்தால ஒரு சத்தம். களுக்... செம்பத் தண்ணியில முக்கி எடுக்கற சத்தம்.

உச்சந்தலையில தண்ணி வுழுந்துச்சு. பச்சத்தண்ணி. நெத்தி வழியா, கழுத்து வழியா, முதுகுத்தண்டுல எறங்குது. பொறத்தால ஆரோ நிக்கறாங்க. பேசல. மூச்சு மட்டும் பிடரியில படுது. என்னமோ ஒண்ணுக்குக் காத்துக்கிட்டு நிக்கறாங்க.

அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுதுங்க. கெடாய் நின்ன எடத்துல இன்னிக்கு அவரு நிக்கறாரு. மேலு சிலுத்துச்சுன்னா உத்தரவு குடுத்தாப்ல. குடுத்துட்டா... கெடாய்க்கு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியாதா? கறி பங்கு வாங்குனவராச்சே.

தோள்த்துண்டை வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டாரு. மறுக்கா களுக்... மறுக்கா தண்ணி. பல்லு கிட்டுது. மயிரு குத்திட்டு நிக்குது. ஆனா மேலை அசைய வுடல. மூணாம் தடவை வுழுந்துச்சு பாருங்க, ஐஸ் தண்ணி. எலும்புக்குள்ள ஊசி எறங்குனாப்ல இருந்துச்சாம். கோமளா பேரை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி, அந்தப் பொண்ணு கல்யாணத்தைப் பாக்கணும், பாக்கணும்னு சொல்லி, விடியற வரைக்கும் கல்லாட்ட நின்னாரு. இதெல்லாம் அவரே பின்னால பாலகோபால்கிட்ட அழுதுக்கிட்டு சொன்னதுங்க.

வெடியக்காலம் பால்காரங்க பாத்திருக்காங்க. சட்டை, வேட்டி, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது. நின்ன எடத்து மண்ணு மட்டும் பொடிப்பொடியாக் காஞ்சு கெடக்குது. வாயில இருந்த துண்டை உருவுனதும் மனுசன் சிரிச்சாராம். "நான் குடுக்கல... உத்தரவு நான் குடுக்கல"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம்.

செயிச்சுப்போட்டதா நெனச்சுக்கிட்டாரு. அம்மன் தன்னைத்தான் கேட்டா, தான் குடுக்கல, தீந்துச்சுன்னு. அப்பவாச்சும் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பொட்டல்ல நாலு வேப்பங்கன்னாச்சும் நட்டிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. பந்தல்காரனுக்கு ஆளனுப்புனாரு.

சித்திரையில கல்யாணம். காத்தால பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில முக்காலி போட்டுக் கோமளாவை உக்கார வெச்சு, சுத்தியும் பொம்பளைங்க. பந்தல்ல உக்காந்திருந்த லட்சுமணசாமிக்குப் பின்னால இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. கலகலன்னு சிரிக்கறாங்க.

"என்ன அம்மணி அங்க?"ன்னு எந்திரிச்சுப் போனாரு.

நரசிம்மலு எதுக்கால வந்து, "ஒண்ணுமில்லீங்க பாவா. மொதச் செம்பு ஊத்துனதும் புள்ள தலையில இருந்து காலு வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பிருச்சு. அதான் சிரிக்கறாங்க. பச்சத்தண்ணிய ஊத்தியிருப்பாங்களாட்ட இருக்குது"ன்னாரு.

அடுப்படியில தண்ணி காய்ச்சிக்கிட்டு இருந்த சின்னாத்தாளுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. கரிக்கையை முந்தானையில தொடச்சுக்கிட்டே முன்னால வந்தா.

"ஏனுங்க, பச்சத்தண்ணிய ஆருங்க ஊத்துனா? கை பொறுக்கற சூட்டுல நாந்தானுங்க வெளாவிக் குடுத்தேன். இன்னும் ஆவி பறக்குது, நீங்களே வந்து தொட்டுப் பாருங்க."