முத்திரைக்குக் கீழே

கிராசா: ஏன்யா யெர்னே, இதைக் காட்டத்தான் போர்ச்சுகல்லேருந்து என்னை வரவழைச்சியா? ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், ஒரு தேனீகூட தலை காட்டல.

யெர்னே: கத்தாதே தாயே... குளிர்காலம் பூரா உள்ளயே கிடந்தவங்க. வெயில் அந்தப் பேரிக்கா மரத்தைத் தாண்டட்டும், அப்பறம் பாரு.

கிராசா: மரத்துல ஒரு இலைகூட இல்ல.

யெர்னே: மார்ச் மாசம் இலைக்கு நான் எங்க போறது? இது ஸ்லோவேனியா, அதுவும் மலையடிவாரம். குளிருதா?

கிராசா: பல்லு தந்தி அடிக்குது, கேக்கறியே!

யெர்னே: இந்தா, தேன் சாராயம். ஒரே மடக்கு. வெறும் வயித்துல குடிக்காதே, இந்த வால்நட் ரொட்டியைக் கடிச்சுக்கோ.

கிராசா: ம்ம்... நல்லா இருக்கே. நீயா சுட்டே?

யெர்னே: தங்கச்சி. "மூணு வருஷமா செவ்வாய்க்கிழமையானா கம்ப்யூட்டர் முன்னாடி தலை சீவிட்டு உக்காருவியே, அந்தப் பொம்பளையா வர்றா"ன்னு கேட்டுட்டு ரெண்டு சுட்டா.

கிராசா: ரெண்டு எதுக்கு?

யெர்னே: ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு, ஊருக்கெல்லாம் குடுத்து என் மானத்தை வாங்கறதுக்கு.

கிராசா: தலை சீவிட்டா உக்காந்தே? அந்தத் தலையா அது!

யெர்னே: சரி சரி... ரொட்டியைத் தின்னு.

கிராசா: ஆமா, பஸ் ஸ்டாண்டுக்குப் பால் வண்டியில வந்தியே, உன் கார் என்னாச்சு?

யெர்னே: ரிப்பேர்.

கிராசா: போன வருஷமும் ரிப்பேர்னுதானே சொன்னே?

யெர்னே: பெரிய ரிப்பேர். நீ மட்டும் என்னவாம்? ப்ளேன்ல வர்றேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் பஸ்ல வந்து இறங்கியிருக்கே.

கிராசா: வழியில வேடிக்கை பாக்கலாம்னுதான். பிரான்ஸ் ரொம்ப அழகுய்யா.

யெர்னே: ராத்திரியிலயா பாத்தே?

கிராசா: ...நிலா இருந்துச்சு.

யெர்னே: ஓஹோ. உன் கம்பெனி செக்ரட்டரி ஈஸௌரா எப்படி இருக்கா? ஃபோன்ல அவ குரலைக் கேட்டா அச்சு அசல் உன் குரலாட்டமே இருக்கு.

கிராசா: எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே குரல்தான். பேச்சை மாத்தாதே. இந்தப் பெட்டிங்களைப் பத்திச் சொல்லு. எது நம்மளுது?

யெர்னே: இடப்பக்கம் இருபது, உன் பட்டறையிலேருந்து வந்த தக்கையால செஞ்சது. வலப்பக்கம் இருபது, எங்க ஊரு வழக்கப்படி வெறும் மரம். ரெண்டும் ஒரே பனியைத் தாங்கினது. போன வருஷக் குளிர்ல மரப்பெட்டியில ஆறு குடும்பம் காலமாயிட்டாங்க.

கிராசா: காலமாயிட்டாங்களா! தேனீய்யா அது.

யெர்னே: மாடு செத்துச்சும்போம், நாய் செத்துச்சும்போம். தேனீயை மட்டும் அப்படிச் சொல்லமாட்டோம். மனுஷருக்குச் சொல்ற வார்த்தைதான். சிரிக்காதே.

கிராசா: சிரிக்கல. சத்தியமா சிரிக்கல... இந்த வருஷம் எத்தனை பேரு?

யெர்னே: இன்னிக்குத்தானே தெரியும். வருஷத்துல முதல் தடவையா வெளிய வர்ற நாள். எந்தப் பெட்டியிலேருந்து வரலியோ, அந்த வீட்ல யாருமில்லேன்னு அர்த்தம்.

கிராசா: பெட்டி வாங்க வர்ற நார்வேக்காரரு மூணு மணிக்கு வந்துடுவாரே.

யெர்னே: வரட்டுமே.

கிராசா: நானூறு பெட்டிய்யா! அவங்க குளிருக்கு நம்ம தக்கை தாங்கும்னு அந்த மனுஷன் கண்ணால பாத்துட்டா போதும், கையெழுத்துப் போட்டுடுவாரு. தாங்கலேன்னா... மூணு வருஷ ஆராய்ச்சி, மூணு வருஷப் பாடு, எல்லாத்தையும் மூட்டை கட்டி அடுப்புல போடவேண்டியதுதான்.

யெர்னே: இங்க வா. இந்தப் பெட்டியில காதை வை.

கிராசா: கொட்டாதே?

யெர்னே: கொட்டினா ஒண்ணு கொட்டும். வை.

கிராசா: ...

யெர்னே: என்ன?

கிராசா: உஷ்ஷ்... கேக்குதுய்யா. கோயில்ல கூட்டமா செபமாலை சொல்வாங்களே, அந்த மாதிரி. அடங்கின குரல்ல... விடாம...

யெர்னே: உன் தக்கைக்குள்ள கதகதன்னு இருக்காங்க. நீ அனுப்பின தக்கைப் பலகை ஒண்ணுல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு நாலு எழுதியிருந்துச்சே, அது என்ன?

கிராசா: எங்க ஊர்ல மரத்துலேருந்து தக்கைப் பட்டையை உரிச்சா, உரிச்ச வருஷத்தோட கடைசி எண்ணை மரத்து மேலயே எழுதிடுவோம். அப்பறம் ஒம்பது வருஷம் யாரும் கத்தி வைக்கக்கூடாது. அவசரப்பட்டவன் மரத்தையே இழப்பான்.

யெர்னே: யாரு மரம்? நீ விலைக்கு வாங்கினதா?

கிராசா: ...வாங்கினதுதான். பலகையெல்லாம் எங்க? படம் வரைஞ்சுட்டேன்னியே.

யெர்னே: இதோ. பெட்டி முகப்புல மாட்டற பலகை. எங்க ஊர்ல படம் இல்லாம பெட்டி கிடையாது. இது என் வீடுன்னு தேனீக்கு அடையாளம் தெரியணுமே.

கிராசா: தலையில ஒரு மரத்தையே தூக்கிட்டு நிக்கிறாளே, இவ யாரு?

யெர்னே: யாராட்டம் இருக்கு?

கிராசா: அடப்பாவி! என் மூக்கு இவ்வளவு பெருசா?

யெர்னே: தூரத்துலேருந்து தெரியணும்ல.

கிராசா: இந்தப் பக்கம் ஒருத்தன் தலைதெறிக்க ஓடறானே... மணியைப் பாத்துப் பயந்து...

யெர்னே: வியன்னாவுல அன்னிக்கு நான் அப்படித்தானே இருந்தேன்? ஊர்ப்பட்ட நாட்டுலேருந்து சின்னச் சின்னக் கம்பெனிக்காரங்களை ஒரே கூடத்துல உக்கார வச்சு, கால் மணிக்கு ஒரு தடவை மணி அடிச்சு, "எழுந்திரு, அடுத்த மேசைக்குப் போ, கூட்டாளி தேடு"ன்னா...

கிராசா: பொண்ணு பாக்கறதுக்குக்கூட ஒரு காபியாவது குடுப்பாங்க.

யெர்னே: பெட்டிக்குள்ள குளிர் ஏறாம இருக்க, நான் தேடிப் போனது கம்பளிக்காரனை. மணிச் சத்தத்துல மிரண்டு போய் உன் மேசையில வந்து விழுந்தேன்.

கிராசா: விழுந்ததுமில்லாம, மாதிரிக்கு வச்சிருந்த தக்கையை எடுத்து மோந்து வேற பாத்தே! "இதுல தேனீ குடியிருக்குமா"ன்னு கேட்டே. லூசு ஒண்ணு வந்திருக்குன்னு நினைச்சேன். அடுத்த மணி அடிச்சும் நீ எழுந்திரிக்கல.

யெர்னே: நீயும் போகச் சொல்லல.

கிராசா: ...சரி, வேலையைப் பாப்போம். நம்ம கூட்டு ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவுல குடுத்த முத்திரை, பலகையில அழகா வந்திருக்கு. கீழ ரெண்டு கோடு... ஸ்லோவேனியா, போர்ச்சுகல்... எண்ணைக் காணோமே?

யெர்னே: எழுதணும்.

கிராசா: எப்ப எழுதறது, அவரு வந்தப்பறமா? எந்த நாடு பணம் குடுத்துச்சோ, அந்த நாட்டு உத்தரவு எண்ணை முத்திரைக்குக் கீழ போடணும். அதான் விதி.

யெர்னே: விதியெல்லாம் தெரியும். ரெண்டு நாட்டு ஆளு கைகோத்து வந்தாதான் முத்திரை. பணம் மட்டும் அவங்கவங்க நாடு அவங்கவங்க ஆளுக்கு. ஒருத்தனுக்குக் கிடைக்கலேன்னா மத்தவனுக்கும் நிறுத்திடுவாங்க. தலைகீழாச் சொல்லுவேன்.

கிராசா: அப்ப எழுது. உன் எண் என்ன?

யெர்னே: உன்னோடதை முதல்ல சொல்லு.

கிராசா: உங்க நாடுதானே மேல இருக்கு? மேலேருந்துதான் எழுதணும்.

யெர்னே: விருந்தாளி முதல்ல. அதான் எங்க ஊரு மரியாதை.

கிராசா: மூணு வருஷமா கேக்கறேன். "அடுத்த செவ்வாய்க்கிழமை தர்றேன், அடுத்த செவ்வாய்க்கிழமை தர்றேன்"னு...

யெர்னே: நீ மட்டும் தந்தியா?

கிராசா: நீ தந்தா நானும் தருவேன்... அய்யய்யோ! யெர்னே! என் கோட்டு மேல என்னமோ மஞ்சளா விழுது!

யெர்னே: வந்துட்டாங்க! கிராசா, வந்துட்டாங்க!

கிராசா: இது என்னய்யா இது?

யெர்னே: மாசக்கணக்கா அடக்கி வச்சிருந்தது. பெட்டிக்குள்ள அசிங்கம் பண்ணமாட்டாங்க, சுத்தக்காரங்க. முதல்ல வெளிய வந்ததும் இதான் வேலை. கோட்டை அப்பறம் தோய்ச்சுக்கலாம், நீ எண்ணு! இடப்பக்கம் எண்ணு!

கிராசா: நாலு... ஏழு... அந்த மூலையிலயும் வருது... பதினொண்ணு... குறுக்க நிக்காதே, மறைக்குது... பதினாறு, பதினெட்டு...

யெர்னே: பத்தொம்பது. கடைசிப் பெட்டி... அந்தக் கடைசிப் பெட்டி மட்டும்...

கிராசா: வாங்கம்மா... கண்ணுங்களா, வாங்க... ஒண்ணு! ஒண்ணு வந்துடுச்சு! இன்னொண்ணு!

யெர்னே: இருபது.

கிராசா: இருபதும்!

யெர்னே: மரப்பெட்டியில அஞ்சு வீடு மூடியே கிடக்கு, பாவம். தக்கையில இருபதுக்கு இருபது. ஏய்... அழறியா?

கிராசா: சாராயம்யா. கண்ணுல ஏறிடுச்சு.

யெர்னே: கண்ணுக்கா குடுத்தேன் உனக்கு? இந்தா, கைக்குட்டை. சுத்தமானதுதான்.

கிராசா: நீயும் தொடைச்சுக்கோ. மூக்கு ஒழுகுது.

யெர்னே: கிராசா... உக்காரு. இந்தச் சந்தோஷத்தோட சொல்லிடறேன். இப்ப சொல்லலேன்னா எப்பவுமே சொல்லமாட்டேன்.

கிராசா: என்னய்யா... பயமுறுத்தாதே.

யெர்னே: என்கிட்ட எண் இல்ல.

கிராசா: தொலைச்சுட்டியா?

யெர்னே: இருந்தாத்தானே தொலைக்கறதுக்கு? எங்க நாட்டுல பணமே குடுக்கல. "உங்கள் திட்டம் சிறப்பானது, ஆனால் இந்த ஆண்டு நிதி இல்லை"ன்னு ஒரு பக்கக் கடுதாசி. அவ்வளவுதான்.

கிராசா: எப்ப வந்துச்சு அந்தக் கடுதாசி?

யெர்னே: கடுதாசி வந்த அன்னிக்கே உனக்கு ஃபோன் போட்டேன். எல்லாம் முடிஞ்சுது, மன்னிச்சுடுன்னு சொல்லத்தான். எடுத்தவ, நான் ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள "வந்துடுச்சு யெர்னே, எங்க பக்கம் பணம் வந்துடுச்சு"ன்னு கத்தினே பாரு... எப்படி சொல்லுவேன்? எனக்கு இல்லேன்னு தெரிஞ்சா உனக்கு வந்ததையும் நிறுத்திடுவாங்க. உன் பட்டறையில பன்னெண்டு பேரு வேலை பாக்கறாங்கன்னு வியன்னாவுல சொன்னியே. "எங்களுக்கும் வந்துடுச்சு"ன்னு வாயில வந்துடுச்சு.

கிராசா: அப்ப இந்த நாப்பது பெட்டி... சூடு பாக்கற கருவி... இதெல்லாம்?

யெர்னே: காரை வித்தேன். மேல இருந்த புல்வெளியை வித்தேன். காலையிலயும் சாயங்காலமும் பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன்.

கிராசா: அதான் செவ்வாய்க்கிழமை எப்பவும் பத்து நிமிஷம் லேட்டா வருவியா?

யெர்னே: பஸ்ஸை விட்டுட்டு ஓடி வரணும்ல.

கிராசா: ஓடி வந்துமா தலை சீவினே?

யெர்னே: கேலி பண்ணாதே. இப்ப நார்வேக்காரரு வருவாரு, எண்ணைக் கேப்பாரு, விஷயம் வெளிய வரும். உங்க நாட்டுல உன்னைப் பிடிச்சுக்குவாங்க. குடுத்ததைத் திருப்பிக் கேட்டா, இந்த ஆர்டர்ல என் பங்கு முழுசையும் எடுத்துக்கோ. ஏமாத்தினது நான், நீ இல்லேன்னு எழுதியே குடுத்துடறேன். ஆனா... செவ்வாய்க்கிழமை பேசறதை மட்டும் நிறுத்திடாதே.

கிராசா: அந்தப் புல்வெளியிலதானே சின்ன வயசுல சறுக்கி விளையாடுவேன்னு சொன்னே?

யெர்னே: அந்த வயசெல்லாம் போயாச்சு. வித்தது தப்பில்லேன்னுகூட தோணிச்சு, நீ இங்க வந்து உக்காந்ததும்.

கிராசா: தூரிகையை எடு.

யெர்னே: எதுக்கு?

கிராசா: எடுன்னா எடு. ஸ்லோவேனியான்னு எழுதினியே, அதையும் அந்தக் கோட்டையும் அழி. பணம் குடுக்காதவனுக்கு என்ன எண்ணு? முத்திரை நமக்குக் குடுத்தது, அது இருக்கட்டும்.

யெர்னே: ...ம். அழிச்சாச்சு.

கிராசா: கீழ இருக்கறதையும் அழி.

யெர்னே: அது உன்னோடதாச்சே! போர்ச்சுகல் குடுத்துச்சே, அதை எதுக்கு...

கிராசா: அழிய்யா... ஈஸௌராவும் நான்தான், செக்ரட்டரி வைக்கக் காசு ஏது? அந்த நாலு எங்கப்பா தன் கையால எழுதினது, விலைக்கு வாங்கல, எங்க சொந்த மரம். அன்னிக்கு நீ கூப்பிட்டப்போ பணம் வந்துடுச்சுன்னு நல்ல சேதி சொல்லத்தான் நீ கூப்பிடறதா நினைச்சேன். எனக்கு இல்லேன்னு தெரிஞ்சா உன் பணமும் போயிடுமேன்னுதான், நீ வாயைத் திறக்கறதுக்குள்ள முந்திக்கிட்டு "வந்துடுச்சு"ன்னு கத்தினேன். எங்க நாட்டுலயும் இல்லேன்னு எழுதிட்டாங்கய்யா... அந்தக் கடுதாசி உன் ஃபோனுக்கு மூணு நாள் முன்னாடியே வந்து என் அடுப்படியில கிடந்துச்சு.